ஆட்டோபைலட் யாரை நம்பிப் பறக்கிறது?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் பேரவைச் செயலாளர் கேட்டார். கவிதை எழுதுகிற கை எனக்கு இல்லை. கன்ட்ரோல் சிஸ்டத்தைப் பற்றி எழுதட்டுமா என்றேன். "எழுதுப்பா, ஆனா பாடம் நடத்திடாதே" என்றார். பாடமும் கொஞ்சம் வரத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்ல வந்த விஷயம் நம் எல்லோருடைய ரெக்கார்டு நோட்டையும் தொடுகிற விஷயம்.

ஒருநாள் மதிய சாப்பாட்டு நேரத்தில் பேச்சு எப்படியோ விமானத்தின் பக்கம் போனது. "ஆட்டோபைலட்னு ஒண்ணு இருக்காம்டா. மேலே ஏறினதும் ஸ்விட்சைத் தட்டிட்டு பைலட் காப்பி குடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருப்பாராம். ப்ளேன் தானா போயிடுமாம்!" என்றான் மெக்கானிக்கல் நண்பன். "அப்போ பைலட்டுக்கு எதுக்குடா அவ்வளவு சம்பளம்?" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தோம்.

ஆனால் அந்தத் 'தானா' என்ற சொல் எனக்குள் ஒட்டிக்கொண்டது. உலகத்தில் எந்த மெஷினும் தானாகப் போவதில்லை. யாரோ அளந்து சொல்கிறார்கள். அதை நம்பித்தான் மெஷின் போகிறது. ஆட்டோபைலட் யாரை நம்பிப் போகிறது? நம்பியவர் பொய் சொன்னால் என்ன ஆகும்? இதைத் தேடிப் படித்தபோது கடைசியில் அந்த விரல் என்னையே காட்டியது. எப்படி என்று சொல்கிறேன்.

பம்பரத்தில் ஆரம்பித்த கதை

1914ஆம் ஆண்டு ஜூன் 18. பாரிஸ் நகருக்குப் பக்கத்தில் பெஸோன் என்ற ஊர். ஸேன் நதிக்கரையில் விமானப் பாதுகாப்புக்கான ஒரு போட்டி நடக்கிறது. லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற 21 வயது அமெரிக்க இளைஞர் ஒரு கர்டிஸ் நீர்விமானத்தை ஓட்டி வருகிறார். நம்மைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவர்! கூட்டத்தைக் கடக்கும்போது இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுகிறார். அது போதாது என்று, கூட வந்த மெக்கானிக் எமில் கஷான் எழுந்து இறக்கையின் மேல் நடந்து போகிறார். ஒரு பக்கம் பாரம் ஏறினால் விமானம் அந்தப் பக்கம் சாயவேண்டும். சாய ஆரம்பித்ததை உள்ளே சுழன்றுகொண்டிருந்த கைரோஸ்கோப் உணர்ந்தது. மடல்கள் அசைந்தன. விமானம் நேராகவே போனது.

கைரோஸ்கோப் என்றதும் பயப்படவேண்டாம். சின்ன வயதில் சாட்டை சுற்றி விட்டோமே, அந்தப் பம்பரம்தான். வேகமாகச் சுற்றுகிற வரையில் அதன் அச்சை லேசில் சாய்க்க முடியாது. அதை வளையங்களுக்குள் பொருத்திவிட்டால், வெளியே விமானம் எப்படிச் சாய்ந்தாலும் உள்ளே பம்பரம் தன் திசையை விடாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோணம்தான் விமானம் சாய்ந்திருக்கும் கோணம். 1980களின் ஆரம்பத்தில் வந்த போயிங் 757, 767 விமானங்களில் பம்பரத்தின் இடத்தை லேசர் பிடித்தது. மூடிய பாதை ஒன்றில் இரண்டு ஒளிக்கற்றைகளை எதிரெதிராக ஓடவிடுகிறார்கள். விமானம் திரும்பினால் இரண்டின் அலைவரிசையிலும் சிறு வித்தியாசம் தெரியும். பொருள் மாறியது, வேலை அதேதான்.

1933இல் வைலி போஸ்ட் என்பவர் ஸ்பெர்ரியின் ஆட்டோபைலட் துணையோடு தனியாளாக 7 நாள் 18 மணி 49 நிமிடத்தில் உலகத்தைச் சுற்றி வந்தார். 'மனிதனுக்கு இனி வேலையில்லை' என்று அப்போதே சிலர் நினைத்திருக்கக் கூடும். ஆனால் அந்தப் பயணத்தில் அதே ஆட்டோபைலட்டைப் பழுது பார்ப்பதற்காக அவர் மாஸ்கோவில் இறங்கவேண்டி வந்தது. ஓட்டுகிற மனிதனின் கைக்கு ஓய்வு கொடுத்த கருவிக்கு, ஸ்பேனர் பிடித்த இன்னொரு கை தேவைப்பட்டது. அந்தக் கை நம்முடைய ஜாதி!

எல்லாம் நம்ம சிலபஸ்தான்

இப்போது இன்றைய விமானத்துக்கு வருவோம். பைலட் பேனலில் ஒரு குமிழைத் திருகி 35,000 அடி என்று வைக்கிறார். நம் பாஷையில் இது செட் பாயின்ட். விமானம் இப்போது எந்த உயரத்தில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். கடல் மட்டத்தில் 1013 மில்லிபார். 35,000 அடியில் ஏறக்குறைய 238 மில்லிபார்தான். விமானத்தின் பக்கவாட்டில் ஸ்டேட்டிக் போர்ட் என்ற சின்னத் துளைகள் உண்டு. அவற்றின் வழியே வருகிற அழுத்தத்தை அளந்து, ஏர் டேட்டா கம்ப்யூட்டர் அதை அடிக்கணக்காக மாற்றிச் சொல்கிறது. இது மெஷர்டு வேல்யூ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிழை. பிழையைக் குறைக்கும்படி வாலில் உள்ள எலிவேட்டரை ஒரு சர்வோ அசைக்கிறது. உயரம் மாறுகிறது, மாறிய உயரம் மறுபடி அளக்கப்படுகிறது. வட்டம் முடிந்தது. நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு மனப்பாடம் செய்யும் குளோஸ்டு லூப் இதுதான்!

இதோடு நிறுத்தினால் விமானம் பறக்காது, ஊஞ்சல் ஆடும். சைக்கிள் பழகிய முதல் நாளை நினைத்துப் பாருங்கள். இடது பக்கம் போனதும் ஹேண்டில்பாரை வலது பக்கம் வெடுக்கென்று திருப்புவோம், அது வலது பக்கம் ஓடும், மறுபடி இடது. உயரப் பிழையை மட்டும் பார்த்து எலிவேட்டரை அசைத்தால் அதே கதைதான். ஹன்டிங் என்று படிக்கிறோமே, அது. அதனால் ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப் வைக்கிறார்கள். வெளி லூப் உயரத்தைப் பார்த்து, 'மூக்கை இத்தனை டிகிரி தூக்கு' என்று சொல்லும். உள் லூப் கைரோவைப் பார்த்து, மூக்கு எத்தனை டிகிரி தூக்கியிருக்கிறது, எவ்வளவு வேகமாகத் தூக்குகிறது என்று கவனித்து, மிஞ்சிப் போவதற்கு முன்பே பிடித்து நிறுத்தும். பறக்கப் பறக்க எரிபொருள் தீர்ந்து எடை குறைகிறது. நேற்றைய கணக்கு இன்று செல்லாது. அந்த மிச்சப் பிழையை மெல்ல மெல்லக் கூட்டிச் சரிக்கட்ட இன்டெக்ரல் இருக்கிறது. பி, ஐ, டி என்று மூன்று எழுத்தை வைவாவுக்காக உருப்போடுகிறோமே, முன்னூறு பேர் உயிர் அதில் உட்கார்ந்து போய்க்கொண்டிருக்கிறது.

வேகத்துக்குத் தனி லூப். அதற்கு ஆட்டோத்ராட்டில் என்று பெயர். இன்ஜினைக் கூட்டிக் குறைக்கும். வழிக்கு இன்னொன்று: எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு என்று ஃப்ளைட் மேனேஜ்மென்ட் கம்ப்யூட்டர் சொல்லிக்கொண்டே வரும். இறங்குவதற்கும் வழி உண்டு. ஓடுபாதையிலிருந்து இரண்டு ரேடியோ கற்றைகள் புறப்படும். அவற்றில் 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் என்று இரண்டு தொனிகள் கலந்திருக்கும். இரண்டும் சரிசமமாகக் கேட்டால் விமானம் நடுக்கோட்டில் இருக்கிறது என்று அர்த்தம். ஒன்று ஓங்கினால் விலகியிருக்கிறது. 1965ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதியே லண்டன் ஹீத்ரோவில் ஒரு ட்ரைடெண்ட் விமானம் பயணிகளோடு தானியங்கி முறையில் தரை தொட்டது.

இத்தனையும் செய்கிற ஆட்டோபைலட், ஜன்னல் வழியே ஒரு தடவைகூட எட்டிப் பார்ப்பதில்லை. மலை, கடல், மேகம் எதுவும் அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ரீடிங் மட்டுமே. பிறந்ததிலிருந்து கண் தெரியாத ஒருவர், பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடப்பது போல, சென்சாரின் கையைப் பிடித்துக்கொண்டு அது ஆகாயத்தைக் கடக்கிறது.

ஒரே ஒரு மில்லிபார்

கை கொஞ்சம் பிசகினால் என்ன ஆகும்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தரைக்குப் பக்கத்தில் 1 மில்லிபார் தப்பாகப் படித்தால் உயரத்தில் 27 அடி போலத் தப்பு வரும். காற்று மெலிந்த 35,000 அடியில் அதே 1 மில்லிபார் ஏறத்தாழ 90 அடித் தப்பாகிவிடும்.

29,000 அடியிலிருந்து 41,000 அடிவரை, ஒரு விமானத்துக்கு மேலே இன்னொரு விமானம் வெறும் 1,000 அடி இடைவெளியில் பறக்கலாம் என்பது இன்றைய நடைமுறை. முன்பு 2,000 அடி இருந்தது. இப்படிப் பறக்கவேண்டுமானால், வைத்த உயரத்திலிருந்து 65 அடிக்கு மேல் கூடவோ குறையவோ போகாமல் பிடிக்கக்கூடிய ஆட்டோபைலட் இருக்கவேண்டும். அதனால்தான் ஸ்டேட்டிக் துளையைச் சுற்றியுள்ள தகட்டில் கோடு போட்டு எல்லை காட்டியிருப்பார்கள். அந்த எல்லைக்குள் ஒரு நசுங்கல், ஒரு மேடு, பெயின்ட் தடிப்பு எதுவும் கூடாது. காற்று அங்கே கொஞ்சம் புரண்டு ஓடினாலே அழுத்தம் மாறிவிடும். பெயின்ட் அடிக்கிற தொழிலாளியின் பிரஷ் நுனியில்கூட ஆட்டோபைலட்டின் நாணயம் இருக்கிறது!

ஒரு துண்டு டேப்

1996 அக்டோபர் 2. பெரு நாட்டின் லிமா நகரிலிருந்து சிலி நாட்டின் சான்டியாகோவுக்கு ஏரோபெரு நிறுவனத்தின் போயிங் 757 நள்ளிரவு தாண்டிக் கிளம்பியது. ஏறிய சில விநாடிகளிலேயே உயரமானியும் வேகமானியும் தாறுமாறாகக் காட்ட ஆரம்பித்தன. வேகம் அதிகம் என்று ஒரு எச்சரிக்கை மணி. வேகம் போதாது, விழப் போகிறாய் என்று இன்னொரு எச்சரிக்கை. இரண்டும் ஒரே நேரத்தில்! கீழே கடல், மேலே இருட்டு. பைலட்டுகள் தரைக் கட்டுப்பாட்டு நிலையத்திடம் உயரம் கேட்டார்கள். அங்கிருந்தவரும் ரேடார் திரையைப் பார்த்து நல்ல மனதோடு சொன்னார். ஆனால் அந்தத் திரையில் வந்த உயரம், விமானத்திலிருந்தே போன அதே தப்பான ரீடிங்! கருவி ஒன்பதாயிரம் அடிக்கு மேல் காட்டிக்கொண்டிருக்கும்போது விமானம் கடலில் மோதியது. இருந்த 70 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

காரணம் என்ன? விமானத்தைக் கழுவிப் பளபளப்பாக்கும்போது தண்ணீர் உள்ளே போகாமலிருக்க ஸ்டேட்டிக் துளைகளின் மேல் டேப் ஒட்டியிருந்தார்கள். வேலை முடிந்ததும் பிரிக்க மறந்துவிட்டார்கள். கண்ணைப் பறிக்கும் கலரில் இருந்திருந்தாலாவது தெரிந்திருக்கும். அது வெள்ளி நிற டேப், விமானத்தின் உடலோடு உடலாகக் கலந்துவிட்டது. ஒட்டிய தொழிலாளி தண்டிக்கப்பட்டார். ஆனால் அதற்குப் பிறகு பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டியவர்கள் இருந்தார்கள்; கிளம்பும் முன் விமானத்தைச் சுற்றி வந்து பார்க்கவேண்டிய பைலட்டும் இருந்தார். ஒருவர் கண்ணிலும் படவில்லை. அடிமட்டத்தில் இருப்பவன் தலையில் மட்டும் போட்டுவிட்டுக் கை கழுவுகிற வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு போலிருக்கிறது. அதையும் இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும்.

தரைக்குக் கீழே எட்டடி!

இன்னொரு சம்பவம். 2009 பிப்ரவரி 25. இஸ்தான்புல்லிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வந்த துருக்கி ஏர்லைன்ஸ் போயிங் 737. தரைக்கு அருகில் வரும்போது ரேடியோ அலையைக் கீழே அனுப்பி உயரம் பார்க்கும் ரேடியோ ஆல்டிமீட்டர் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. விமானம் இரண்டாயிரம் அடிக்குச் சற்றுக் கீழே இருக்கும்போது இடது பக்கத்துக் கருவி 'மைனஸ் 8 அடி' என்று காட்டியது. அதாவது விமானம் தரைக்குக் கீழே எட்டடியில் இருக்கிறதாம்!

நாமாக இருந்தால் சிரித்திருப்போம். ஆட்டோத்ராட்டில் சிரிக்கவில்லை, நம்பியது. 'சரி, தரை வந்துவிட்டது' என்று இன்ஜினை அடியோடு குறைத்துவிட்டது. ஆட்டோபைலட்டோ வலது பக்கத்துக் கருவியை நம்பிக்கொண்டிருந்தது. அது சரியாகவே படித்தது. அதனால் பாதையை விட்டு இறங்கிவிடக் கூடாதே என்று மூக்கைத் தூக்கித் தூக்கிப் பிடித்தது. ஒரு கை இன்ஜினை அணைக்கிறது, இன்னொரு கை மேலே ஏற்றப் பார்க்கிறது. வேகம் விழுந்துகொண்டே போனதை பைலட்டுகளும் உரிய நேரத்தில் கவனிக்கவில்லை. 460 அடியில் எச்சரிக்கை வந்தபோது தாமதமாகிவிட்டது. ஓடுபாதைக்கு முன்னாலேயே வயலில் விழுந்து 9 பேர் இறந்தார்கள். இதே கோளாறு அந்த விமானத்தில் அதற்கு முன்பே வந்து போயிருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. வந்தது, போனது, விமானம் இறங்கிவிட்டது, விட்டுவிட்டார்கள். "இப்ப சரியாயிடுச்சு சார்" என்று நாமும் லேப்பில் சொல்வோமே, அதுதான்.

மூன்று சாட்சி இருந்தால் போதுமா?

'ஒரு சென்சாரை நம்பினால்தானே வம்பு? மூன்று வைத்து, இரண்டு பேர் ஒன்றாகச் சொல்வதை எடுத்துக்கொண்டால் என்ன?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அப்படித்தான் பல விமானங்களில் செய்கிறார்கள். ஒரு சாட்சி பொய் சொன்னால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் மூன்று சாட்சியும் ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் கெட்டுவிட்டால்? 2009 ஜூன் 1ஆம் தேதி ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் அதுதான் நடந்தது. 35,000 அடியில், மேகத்தின் பனித்துகள்கள் வேகம் அளக்கும் பிட்டாட் குழாய்களை அடைத்தன. ரீடிங்குகள் ஒத்துப்போகாததால் ஆட்டோபைலட், 'இனி என்னால் முடியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று விலகிக்கொண்டது. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாமல் ஒதுங்கியது என்ற மட்டில் அதைப் பாராட்டவேண்டும். ஒரு நிமிடத்துக்குள் குழாய்களும் சரியாகிவிட்டன. ஆனால் திடீரென்று கைக்கு வந்த விமானத்தை என்ன செய்வதென்று புரியாமல் மூக்கை மேலே இழுத்துப் பிடித்தார் ஓட்டியவர். நாலரை நிமிடத்துக்குள் அட்லாண்டிக் கடலில் விழுந்தது. 228 பேர் மாண்டார்கள்.

ஆட்டோபைலட் இருக்கிறதே என்று மனிதன் கற்றுக்கொள்வதை விட்டுவிட முடியாது. அது கைவிடுகிற நேரம், எல்லாம் கெட்டுப்போன நேரமாகத்தான் இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவனுக்கு மட்டுமே அந்த நேரத்தில் கை ஓடும்.

வேறு விமானத்தின் போட்டோ

இனிச் சொல்லப் போவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

போயிங் 737 மேக்ஸ் விமானத்தில் எம்.சி.ஏ.எஸ். என்று ஒரு ஏற்பாடு இருந்தது. இது ஆட்டோபைலட் அல்ல. பைலட் கையால் ஓட்டும்போது பின்னணியில் வேலை செய்யும் இன்னொரு தானியங்கி. மூக்கு அளவுக்கு மீறித் தூக்கியிருப்பதாகத் தெரிந்தால் தானே கீழே அழுத்தும். காற்றோடு விமானம் எந்தக் கோணத்தில் போகிறது என்று பார்க்க இரண்டு சென்சார்கள் இருந்தன. ஆனால் இது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் கேட்கும்! டிசைன் போட்டவர்கள் செய்த பெரிய தப்பு அது.

2018 அக்டோபர் 28. இந்தோனேஷியாவின் பாலித் தீவில், லயன் ஏர் நிறுவனத்தின் ஒரு மேக்ஸ் விமானத்தில் அந்தச் சென்சாரை மாற்றினார்கள். போட்ட சென்சார் 21 டிகிரி தப்பாகக் காட்டுகிற சென்சார். முன்பு பழுது பார்த்த இடத்திலேயே அந்தக் குறை நுழைந்திருந்தது. மாட்டியதும் சோதித்துப் பார்க்கவேண்டும். சோதித்திருந்தால் 21 டிகிரி கண்ணில் பட்டிருக்கும். அடுத்த நாள் காலை ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய அந்த விமானத்தை எம்.சி.ஏ.எஸ். திரும்பத் திரும்பக் கீழே அழுத்தி ஜாவாக் கடலில் தள்ளியது. 189 பேர்! 2019 மார்ச் 10ஆம் தேதி எத்தியோப்பியாவில் இதே மாதிரி இன்னொரு மேக்ஸ். 157 பேர். அதற்குப் பிறகுதான் உலகம் முழுவதும் அந்த ரக விமானங்களைத் தரையில் நிறுத்தி, இரண்டு சென்சாரையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி மாற்றினார்கள்.

லயன் ஏர் விபத்தை விசாரித்த இந்தோனேஷியப் போக்குவரத்துப் பாதுகாப்புக் குழு ஒரு விஷயத்தை எழுதி வைத்திருக்கிறது. சென்சாரை மாட்டிய பிறகு சோதனை சரியாக முடிந்தது என்பதற்குச் சாட்சியாகச் சில போட்டோக்கள் கொடுக்கப்பட்டன. ஆராய்ந்து பார்த்தால், சோதனை ரீடிங்கைக் காட்டிய போட்டோ அந்த விமானத்தில் எடுத்ததே இல்லை! அதைச் சாட்சியாக ஏற்க முடியாது என்று குழு ஒதுக்கிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு விமானம் ஞாபகம் வரவில்லை. எங்கள் லேப் ஞாபகம் வந்தது.

எங்கள் ரெக்கார்டில் 80 டிகிரி

போன வருஷம் டெம்பரேச்சர் கன்ட்ரோல் எக்ஸ்பெரிமென்ட். ஒரு சின்ன ஓவன், உள்ளே ஹீட்டர், ஒரு தெர்மோகப்பிள், ஒரு கன்ட்ரோலர். செட் பாயின்ட் 80 டிகிரி. ஸ்விட்சைப் போட்டுவிட்டு நாங்கள் நாலு பேரும் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தோம். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் மீட்டர் 34 காட்டுகிறது. "இன்னும் சூடே ஆகலைடா" என்று மறுபடி பேச உட்கார்ந்துவிட்டோம். கருகல் வாசனை வந்த பிறகுதான் தெரிந்தது, தெர்மோகப்பிள் ஓவனை விட்டு வெளியே நழுவி மேஜை மேல் கிடக்கிறது. அறையின் வெப்பத்தை அது ஒழுங்காக அளந்து சொல்லிக்கொண்டிருந்தது. கன்ட்ரோலரும் ஒழுங்காக, 'இன்னும் 46 டிகிரி பாக்கி' என்று ஹீட்டரை முழுசாக ஓடவிட்டுக்கொண்டிருந்தது. ஒருவர்மேலும் குற்றமில்லை, எங்களைத் தவிர. இன்ஸ்ட்ரக்டர் ஓடி வந்து மெயினை அணைத்தார்.

ஒரு நல்ல பாடம் கையில் வந்து விழுந்தது. நாங்கள் என்ன செய்தோம்? சீனியர் ரெக்கார்டைக் கேட்டு வாங்கி, அதிலிருந்த ரீடிங்கில் அங்கே ஒன்று இங்கே ஒன்று மாற்றி எழுதி, அழகான கிராஃப் போட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டோம். இன்றைக்கும் அந்த ரெக்கார்டைத் திறந்தால் எங்கள் ஓவன் சமர்த்தாக 80 டிகிரியில் நிற்கிறது!

வேறு விமானத்தில் எடுத்த போட்டோவுக்கும், சீனியர் ரெக்கார்டில் எடுத்த ரீடிங்குக்கும் என்ன வித்தியாசம் நண்பர்களே?

"அது ஏரோப்ளேன், இது லேப். மார்க்குக்காகச் செய்யறது. வேலைக்குப் போனா ஒழுங்கா இருப்போம்" என்று சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் கை பழகிவிடுகிறதே! மூன்று வருஷம், வாரத்துக்கு இரண்டு மூன்று லேப், முதலில் விடை என்ன வரவேண்டும் என்று பார்த்துவிட்டுப் பிறகு ரீடிங்கை எழுதுகிற கை, ஒருநாள் தொழிற்சாலையில் பாய்லர் பக்கத்தில் லாக் புக்கோடு நிற்கும்போது மட்டும் திருந்திவிடுமா? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இன்னொரு பக்கமும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. பாதி மீட்டர் ஓடாத லேப்பில், இருபது பேருக்கு ஒரு செட் கொடுத்துவிட்டு, 'புத்தகத்தில் இருக்கிற விடை வரவில்லையென்றால் மார்க் கிடையாது' என்றால் மாணவன் என்ன செய்வான்? சமைக்கத்தான் செய்வான். தப்பான ரீடிங் வந்தது, ஏன் வந்தது என்று எழுதியவனுக்கு முழு மார்க் கொடுத்துப் பாருங்கள், ஒரே செமஸ்டரில் சமையல் நின்றுவிடும். இதை நம் ஆசிரியப் பெருமக்களிடம் பணிவோடு, ஆனால் உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன். நம் பேரவையும் இதைக் கோரிக்கையாக வைக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

நம்மைப் பார்த்து, "டிப்ளமோதானே, டிசைன் எல்லாம் இன்ஜினியர் பார்த்துப்பார்" என்று சொல்கிறவர்கள் உண்டு. அதைக் கேட்டு நாமும் கொஞ்சம் கூனிவிடுகிறோம். கூனவேண்டியதில்லை. லூப்பின் கணக்கை யார் வேண்டுமானாலும் போடட்டும். அந்த லூப்புக்குள் நுழைகிற முதல் எண் உண்மையா பொய்யா என்று பார்க்கிற இடத்தில் நிற்கப் போவது நாம்தான். சென்சாரை மாட்டுகிறவன், கேலிபரேட் பண்ணுகிறவன், டேப்பைப் பிரிக்கிறவன், லாக் புக்கில் கையெழுத்துப் போடுகிறவன், அத்தனையும் நம் ஆட்கள். எவ்வளவு பெரிய கம்ப்யூட்டராக இருந்தாலும் அந்தக் கையெழுத்துக்கு மேல் அதற்கு வேறு ஆதாரம் கிடையாது.

மதிய சாப்பாட்டு நண்பனுக்கு இப்போது என் பதில்: ப்ளேன் தானா போகலைடா. நம்மளை நம்பிப் போகுது.

அடுத்த வாரம் மறுபடி லேப் இருக்கிறது. நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். மீட்டர் காட்டியதைத்தான் எழுதப் போகிறேன். கோணல் மாணலாக வந்தால் கோணல் மாணலாகவே கிராஃப் போட்டு, 'தெர்மோகப்பிள் வெளியே கிடந்தது, நாங்கள் கவனிக்கவில்லை' என்று கீழே எழுதப் போகிறேன். மார்க் போனால் போகட்டும். நாலு பேரும் சேர்ந்து எழுதினால் இன்னும் நன்றாக இருக்கும். நீங்களும் எழுதுவீர்களா?

அன்புடன்,
மூன்றாமாண்டு மாணவன்,
இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவு